கங்கைக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி

புவனேஸ்வரி டீச்சர் முப்பது வருஷத்துக்கு மேல் கங்கையைக் கரும்பலகையில் ஓட விட்டவர். சாக்பீஸைக் கையில் எடுத்தால் போதும், இமயமலையில் ஆரம்பித்து வங்காள விரிகுடா வரைக்கும் கையை எடுக்காமல் ஒரே இழுப்பு. அப்புறம் யமுனை, கோமதி, காக்ரா, கண்டக், கோசி என்று ஒவ்வொன்றாகக் கூட்டிவந்து அதில் சேர்த்துவிடுவார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கங்கா டீச்சர். அது அவர் காதுக்கு எட்டாது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எட்டாமல் என்ன? எட்டியது, உள்ளுக்குள் குளிரவும் செய்தது.

இத்தனைக்கும் டீச்சர் கண்ணால் கண்ட ஆறுகள் எவையென்று கேட்டால் சிரிப்பீர்கள். பிறந்த ஊர் சேவுகம்பட்டிக்குப் பக்கத்தில் மஞ்சளாறு, வாக்கப்பட்டு வந்த திண்டுக்கல்லுக்குக் குடகனாறு, கொஞ்சம் தள்ளிப் போனால் வைகை. குடகனாற்றில் ஆடு மேயும். வைகையில் பாலத்துக்கு மேலேயும் வண்டி போகும், கீழேயும் வண்டி போகும். இந்த லட்சணத்தில்தான் அவர் ஒன்பதாம் வகுப்புக்கு 'வற்றாத ஆறுகள்' என்று தலைப்புப் போட்டு, அடிக்கோடும் இட்டு, பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்ற மறுமாதமே டீச்சர் தன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். "ஏங்க, எனக்கு நகை வேணாம், நட்டு வேணாம். அந்த வடக்குச் சமவெளியை ஒருவாட்டி கண்ணால பாத்துரணும். பஞ்சாப்ல ஆரம்பிச்சு வங்காளம் வரைக்கும். ஒரு ஆறு விடாம."

பழனிக்குமார் மின்சார வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சாதுவான மனுஷன். எதற்கும் உடனே மறுப்புச் சொல்ல மாட்டார், உடனே சரியென்றும் சொல்ல மாட்டார். "ரயில்ல போயிட்டு வந்துரலாமே புவனா?" என்று மட்டும் கேட்டார்.

"ரயில்ல போனா நம்ம தூங்குறப்ப ஆறு போயிரும்" என்றார் டீச்சர்.

நியாயமான பேச்சுதானே! அதற்குமேல் பழனிக்குமார் என்ன சொல்வார்? தோன்றிய இடத்தில் நிற்க வேண்டும், நின்ற இடத்தில் சோறு பொங்க வேண்டும், பொங்கிய இடத்திலேயே படுக்க வேண்டும். அதற்குத் தோதாக ஒரு வீட்டு வண்டி. சினிமாக்காரர்கள் வைத்திருப்பார்களே கேரவன் என்று, அந்த மாதிரி. புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. ஆகவே பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றைப் பிடித்தார்கள். மஞ்சள் நிறம்கூட மாறவில்லை. அதைக் கொண்டுபோய் வத்தலக்குண்டு ரோட்டில் பாடி கட்டும் சூசைராஜின் பட்டறையில் நிறுத்தினார்கள். சீட்டுகளைக் கழற்றி வெறும் கூடாக நின்ற வேனுக்குள் டீச்சர் ஏறி, ஜன்னல் ஓரமாகப் போய் நின்றார். "இதுக்குள்ள உக்காந்துக்கிட்டே கோசியைத் தாண்டப் போறேன்" என்றார். சூசைராஜுக்குக் கோசி எந்த ஊர்க்காரி என்று தெரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டி வைத்தார்.

வண்டி ஓட்டப் போவது டீச்சரின் தம்பி பொன்ராஜ். வேடசந்தூர் மில்களில் இருந்து நூல் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரி டிரைவர். ஒரு லோடு போய் வந்தால் ஒரு மாதத்துக்குக் கதை வைத்திருப்பான். குடும்பத்தில் அவனுக்குப் புளுகுமூட்டை என்று பெயர். அவன் சொல்வதில் பாதியைத் தள்ளி, மீதியில் பாதியைத் தள்ளி, மிச்சத்தை வைத்துச் சிரிப்பதுதான் வழக்கம்.

மாலை நேரங்களில் டீச்சருடைய நாகல் நகர் வீட்டுக் கூடத்தில் பெரிய மேப்பை விரித்துப் போட்டு மூன்று பேரும் சுற்றி உட்காருவார்கள். நாலு மூலைக்கும் நாலு காப்பி டம்ளர் பாரம். தீபாவளி முடிந்த கையோடு கிளம்ப வேண்டும், மார்கழிப் பனிமூட்டம் இறங்குவதற்குள் பஞ்சாபைத் தாண்டிவிட வேண்டும் என்பது பொன்ராஜின் கணக்கு. பனிமூட்டத்தில் முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கு தெரியாது, தன் வண்டியின் முகப்பே தெரியாது என்றான்.

"மச்சான், அதைக்கூடத் தாங்கிரலாம். மலையில்லாத ஊரைத்தான் தாங்க முடியாது. நம்மூர்ல எங்கிட்டுத் திரும்பினாலும் ஒரு மலை நிக்கிதா? மலைக்கோட்டை தெரிஞ்சா ஊரு வந்துருச்சு. சிறுமலை தெரிஞ்சா அது கிழக்கு. அங்கிட்டு எதைப் பாக்குறது? நாள் பூரா ஓட்டுறேன், அடுத்த நாளும் ஓட்டுறேன், ஒரு மேடு இல்ல, ஒரு கரடு இல்ல. சூரியன் உச்சிக்கு வந்துட்டா அம்புட்டுத்தேன், கண்ணைக் கட்டி விட்ட கணக்கு. ஒருவாட்டி வந்த வழியிலயே அரை நாள் திரும்பி ஓட்டிட்டேன்."

"ஏலே, விடுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்று பழனிக்குமார் சிரித்தார்.

டீச்சர் சிரிக்கவில்லை. கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு மேப்பில் விரலை வைத்தார். "அவன் சொல்றது நெசந்தாங்க. டெல்லில இருந்து கல்கத்தா வரைக்கும் தரை இறங்குற இறக்கத்தைப் பாத்தீங்கன்னா, நம்ம சிறுமலை உசரத்துல பாதிகூட வராது. அம்புட்டுத் தூரமும் ஒரே பலகை. அது மட்டுமா? கடல் மட்டத்தை வச்சுப் பாத்தா டெல்லியே நம்ம திண்டுக்கல்லைவிடத் தணிவு."

பழனிக்குமார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப நாமதான் டெல்லியைவிட ஒசரத்துல இருக்கமா?"

"ஆமா."

மனுஷன் அசந்து போனார். மறுநாள் காய்கறிக் கடையில், சலூனில், சைக்கிள் கடையில் என்று பார்த்தவரிடமெல்லாம் அதைச் சொன்னார். அன்று சாயங்காலமே ஸ்கூட்டரில் டீச்சரை ஏற்றிக்கொண்டு பைபாஸுக்குப் போனார். கன்னியாகுமரியில் புறப்பட்டுக் காஷ்மீர் வரைக்கும் போகிற நாற்பத்துநான்காம் நம்பர் ரோடு அவர்கள் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. தினமும் பார்த்த ரோடுதான். ஆனால் அன்றைக்கு இருவரும் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, வடக்கே போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இதுல ஏறி, எங்கயும் திரும்பாம போய்க்கிட்டே இருந்தா கோதுமைக் காடு வந்துரும்ங்க" என்றார் டீச்சர்.

"நம்ம வாசல்ல இருந்தா?" என்றார் பழனிக்குமார்.

இப்படி மலைப்பும் மகிழ்ச்சியுமாகப் போய்க்கொண்டிருந்த ஏற்பாட்டில்தான் தொட்டி வந்து குறுக்கே விழுந்தது.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு நாள், பட்டறைக்கு ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி வந்து கறுப்பு நிறப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை இறக்கிவிட்டுப் போனது. ஐந்நூறு லிட்டர். பின்னாலேயே ஆட்டோவில் டீச்சர் வந்து இறங்கினார்.

சூசைராஜ் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி வந்தார். வேனைச் சுற்றி வந்தார். மறுபடி தொட்டியைச் சுற்றி வந்தார். "டீச்சர், ஐந்நூறு லிட்டர்னா அரை டன்னு. பின்னாடி வச்சா வண்டி மூஞ்சியைத் தூக்கும். சைடுல வச்சா சாயும். நட்ட நடுவுல, பின் ஆக்ஸிலுக்கு முன்னாடிதான் வைக்கணும். அந்த எடத்துலதான் சாருக்குக் கட்டில் போடச் சொல்லிருக்கீங்க."

"ரெண்டையும் வைங்க."

"எப்படி டீச்சர்? தொட்டிக்கு மேல கட்டில் போட்டா சார் மூக்கு கூரையில இடிக்கும். வேணும்னா நூறு லிட்டர்ல சின்னதா ஒண்ணு வண்டிக்கு அடியில மாட்டித் தாரேன்."

"நூறு லிட்டர் எந்த மூலைக்கு?"

பழனிக்குமாரைப் போன் போட்டு வரவழைத்தார்கள். அவருக்கு முதுகில் டிஸ்க் தேய்மானம். சமதளமாக நீட்டிப் படுக்காவிட்டால் மறுநாள் எழுந்து நிற்க இரண்டு ஆள் வேண்டும். சீட்டில் சாய்ந்தபடி இரண்டு மாதம் ஊர் சுற்றுவதெல்லாம் நடக்காத காரியம். தொட்டியைப் பார்த்தவுடன் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"புவனா, நீதான சொன்ன, கங்கைக் கரையோரமாவே போறோம்னு? வழிபூரா ஆறுன்னு? வற்றாத ஆறுன்னு? அப்புறம் எதுக்குத் தொட்டி?"

டீச்சர் தொட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு, "அது பாடம்ங்க. இது தண்ணி" என்றார்.

திண்டுக்கல்லில் குடியிருக்காதவர்களுக்கு இந்தப் பேச்சு விளங்காது. அந்த ஊரில் கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்கிறவர்கள் பஞ்சாங்கத்தோடு சேர்த்துத் தண்ணீர் வருகிற நாளையும் பார்ப்பார்கள். எட்டு நாளைக்கு ஒரு தடவை, கோடையில் அதற்கும் மேலே தள்ளிப்போகும். விருந்தாளி வந்தால் காப்பி கொடுப்பதற்கு யாரும் அஞ்சுவதில்லை, "குளிக்கிறீங்களா?" என்று கேட்பதற்கு நெஞ்சுத் துணிவு வேண்டும். குழாயில் வருகிற நல்ல தண்ணீர் குடிக்கவும் பொங்கவும். போர்வெல்லில் வருகிற உப்புத் தண்ணீர் துவைக்கவும் கழுவவும். ஒன்றின் குடத்தில் இன்னொன்றைப் பிடித்தால் அந்த வீட்டில் அன்றைக்குச் சண்டை.

அதற்கு மேலேயும் டீச்சருக்கு ஒன்று உண்டு. அவருடைய மாமியார் இறந்தது ஒரு வைகாசி மாதம். உடலைக் குளிப்பாட்டுவதற்கு நீர்மாலை என்று தண்ணீர் எடுத்து வர வேண்டும். சொந்தக்காரப் பெண்கள் குடத்தோடு புறப்பட்டாயிற்று, மேளம் முன்னால் போகிறது, தெருக்குழாயில் ஒரு சொட்டு இல்லை. வீட்டு டிரம்மிலும் இல்லை. மேளக்காரர் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் நின்றார். பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவிதான் தன் வீட்டில் இருந்த கடைசிக் குடம் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரே ஒரு குடம். அந்தக் கிழவியை அதைக்கொண்டுதான் குளிப்பாட்டினார்கள். அன்றையிலிருந்து டீச்சர் வீட்டில் நிறையாத பாத்திரம் என்று ஒன்று கிடையாது. டிரம், அண்டா, குடம், தவலை, கடைசியில் டம்ளர் வரைக்கும் பிடித்து வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

ஆகவே அவர் தொட்டியை விடவில்லை. பழனிக்குமார் கட்டிலை விட முடியாது. ஒரு வாரம் இரண்டு பேரும் சாப்பாட்டு நேரத்தில் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். மேப் சுருட்டியபடி பீரோவுக்கு மேலே கிடந்தது.

"என்னை விட்டுட்டு நீயும் உன் தம்பியும் தொட்டியும் போயிட்டு வாங்க" என்று ஒரு நாள் பழனிக்குமார் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாந்தமாகச் சொன்னார்.

"உங்களை விட்டுட்டு நான் எங்க போக?"

"அப்ப தொட்டியை விடு."

டீச்சர் வாயைத் திறந்தார். விடுகிறேன் என்று சொல்லத்தான் திறந்தார். வார்த்தை வரவில்லை. எங்கேயோ ஒரு நெடுஞ்சாலை ஓரத்தில், பாஷை தெரியாத ஊரில், காலிக் குடத்தோடு வீடு வீடாகப் போய் நிற்பது போலக் கண்ணுக்குள் ஒரு காட்சி. அவரே போட்ட திட்டம், அவரே கண்ட கனவு, அவர் கையாலேயே கழுத்து நெரிபடுவது அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் முடியவில்லை. மனசு அப்படித்தான், படித்ததைக் கேட்காது.

கடைசியில் பழனிக்குமார் சொன்னார். "நெய்க்காரப்பட்டில ஒருத்தர் கேட்டரிங் பண்றாராம். வேனைக் கேட்டுக்கிட்டே இருக்காரு. வெள்ளிக்கிழமை காலையில வந்து பாத்துட்டு எடுத்துக்கிறேங்கிறாரு. வரச் சொல்லட்டா?"

"சொல்லுங்க" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை எடுத்து மறுபடி துடைத்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. நெய்க்காரப்பட்டிக்காரர் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் தண்ணீர் வந்துவிட்டது.

தண்ணீர் வந்தால் நாகல் நகர்த் தெருவின் முகமே மாறிவிடும். முதலில் குழாய்க்குள் காற்று சீறும். அந்தச் சத்தம் கேட்டதும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பெண்கள் "வந்துருச்சு, வந்துருச்சு" என்று கொண்டையை முடிந்துகொண்டு ஓடி வருவார்கள். டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தண்ணீர் ஏறி வருவதற்காக வாசலில் தோண்டிய குழியில் இருந்த குழாயில் ஹோஸை மாட்டி, வரிசையாக நின்ற குடங்களில் முதல் குடத்துக்குள் விட்டார். அவர் தண்ணீர் பிடிக்கிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு குடம் நிறைந்து அடுத்த குடத்துக்கு ஹோஸ் மாறுகிறபோது தரையில் ஒரு சொட்டு விழாது. குடத்தைப் பார்க்கக்கூட மாட்டார், சத்தத்தை வைத்தே கழுத்துக்கு வந்துவிட்டது என்று கை தானாக மாறும்.

ஐந்தாவது குடமோ ஆறாவது குடமோ போய்க்கொண்டிருக்கையில் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. பொன்ராஜ். வீடியோ கால்.

"ஏலே, தண்ணி வந்திருக்குடா. அப்புறம் பேசு."

"அக்கா, அக்கா, வச்சிராத! இங்கயும் தண்ணிதேன். செத்த நேரம் பாரு. பீகாரு பாகல்பூர்ல நூலை எறக்கிட்டு, நாமக்கல் கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏத்த கங்கைக்கு அக்கரைக்குப் போயிக்கிட்டு இருக்கேன். பாலத்துல மாட்டிக்கிட்டேன். முன்னாடி ஒரு டிராக்டர் மக்கர் பண்ணிருச்சு, வண்டி எதுவும் நகரல. எறங்கி நிக்கிறேன். நான் சொன்னா புளுகுங்குறீங்கள்ல? இந்தா, நீயே பாரு."

போனைத் திருப்பினான்.

முதலில் டீச்சர் அது வானம் என்றுதான் நினைத்தார். சாம்பல் நிறத்தில் ஒரே வெளிச்சம். பிறகு அந்த வானத்தில் ஒரு படகு போனது. படகு என்றால் படத்தில் பார்க்கிற படகு இல்லை, ஒரு துவரம்பருப்பு அளவு. அதற்கு அந்தப் பக்கம் இன்னொன்று, கடுகு அளவு. அதற்கும் அந்தப் பக்கம் தண்ணீர். கரையைத் தேடினார். கிடைக்கவில்லை.

"ஏலே, கரை எங்க?"

"அதைத்தேன் நானும் தேடுறேன். இரு, நடக்கிறேன்."

நடந்தான். பாலத்தின் கைப்பிடிக் கம்பிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. தண்ணீர் போகவில்லை. அது அப்படியே இருந்தது. நின்றிருந்த லாரிகளை ஒவ்வொன்றாகத் தாண்டினான், ஒரு பஸ்ஸைத் தாண்டினான், மூச்சு வாங்கினான், நின்று இளைப்பாறி மறுபடி நடந்தான். தண்ணீர் அப்படியே இருந்தது. நடுவில் ஒரு மணல் திட்டு வந்தது. அதில் பச்சைப்பசேலென்று வெள்ளரியோ பூசணியோ படர்ந்து கிடந்தது, குடிசைகள் இருந்தன, ஒரு எருமை படுத்திருந்தது.

"ஆத்துக்குள்ள ஒரு ஊரே இருக்குக்கா!"

"அந்தத் திட்டோட முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார் டீச்சர். அவருடைய குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"எங்க முடிஞ்சுச்சு? அதுக்கு அங்கிட்டும் தண்ணிதேன். பாரு!"

பாலத்தில் அவன் பக்கத்தில் யாரோ ஒரு வயசாளி வந்து நின்று என்னவோ பேசினார். கையை விரித்துக் காட்டினார், உதட்டைப் பிதுக்கினார். பொன்ராஜ் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பதில் சொல்லிவிட்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு போனைத் தன் பக்கம் திருப்பினான்.

"அக்கா, இந்தாளு என்ன சொல்றான் தெரியுமா? இது கோடையாம். தண்ணியே இல்லையாம். ஆறு வத்திப் போச்சுன்னு பொலம்புறான்க்கா!"

வற்றிப்போன ஆறு. இதுவா? இது வற்றியது என்றால் நிறைந்தது எப்படி இருக்கும்? டீச்சர் குழிக்குப் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பொன்ராஜ், "அய்யய்யோ, அங்க பாரு, கறுப்பா ஒண்ணு! கன்னுக்குட்டித் தண்டி! முங்கி எந்திரிக்குது!" என்று கத்தினான். படம் ஆடியது. தண்ணீரில் ஒரு கறுப்பு முதுகு வளைந்து எழும்பி உள்ளே போனதை அவரும் பார்த்தார்.

"ஓங்கில்டா அது. கங்கை ஓங்கில், டால்பின்" என்றார் டீச்சர் மெல்ல. எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பார். அது மூச்சு விடுவதற்கு மேலே வரும் என்று சொல்லியிருப்பார். அது அங்கே உண்மையாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"டீச்சர்! ஏ டீச்சர்! தண்ணி போகுது!"

ஜெய்தூன் பீவியின் அலறல் தெருவையே தூக்கியது. டீச்சர் திரும்பிப் பார்த்தார். குடம் எப்போதோ நிறைந்து வழிந்து, வாசல் நிறைந்து, தெருவில் இறங்கி, சாக்கடை வரைக்கும் நல்ல தண்ணீர் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது. தெருப் பெண்கள் எல்லாரும் கையில் இருந்ததை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். புவனேஸ்வரி டீச்சர் வீட்டுத் தண்ணீர் தெருவில் ஓடுவதை அந்தத் தெரு கண்டதே இல்லை.

ஜெய்தூன் பீவி பாய்ந்து வந்து ஹோஸைப் பிடுங்கித் தன் வாளிக்குள் விட்டார். "என்னாச்சு டீச்சர் உங்களுக்கு? ஒடம்புக்கு முடியலையா? யாருக்கும் ஏதும் ஆயிருச்சா?" என்று முகத்தைப் பார்த்துப் பதறினார். டீச்சர் போனைத் திருப்பிக் காட்டினார்.

ஜெய்தூன் பீவி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யா அல்லா! கடலா டீச்சர்?"

"கடல் இல்ல ஜெய்தூன். ஆறு."

"ஆறா? அந்தப் பக்கத்துக் கரையைக் காணோம்?"

"தெரியலை."

"உப்புத் தண்ணியா?"

"இல்ல. நல்ல தண்ணி."

ஜெய்தூன் பீவி ஒரு கையில் ஹோஸோடு அப்படியே நின்றார். "நல்ல தண்ணியா? இம்புட்டுமா?" என்றார். பிறகு, ஒரு திண்டுக்கல்காரி அல்லாமல் வேறு யாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வியை அவர் கேட்டார். "யாரு புடிக்கிறா?"

டீச்சர் போனின் சின்னத் திரையைப் பார்த்தார். படகு போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வரிசை இல்லை, குடம் இல்லை, ஒருத்தரும் கொண்டையை முடிந்துகொண்டு ஓடி வரவில்லை.

"யாரும் புடிக்கலை ஜெய்தூன். அது பாட்டுக்குப் போகுது."

சொன்னதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷமா, ஆத்திரமா, இரண்டும்தானா, யார் கண்டது? இந்தப் பூமியில்தான் அதுவும் ஓடுகிறது, இதே பூமியில்தான் அவர் ஒரு குடத்துக்காக நின்றதும். "முப்பது வருஷமாப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தேன், வற்றாத ஆறு, வற்றாத ஆறுன்னு. பரீட்சையில எழுதலைன்னா மார்க்கைக் குறைச்சேன். ஒரு நாள்கூட நான் நம்பினதில்ல ஜெய்தூன். இப்பத்தான் தெரியுது" என்று விசும்பினார். ஜெய்தூன் பீவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் வாளி நிறைந்ததும் ஹோஸை அடுத்த குடத்துக்கு மாற்றத் தவறவில்லை.

சத்தம் கேட்டுப் பழனிக்குமார் வெளியே வந்தார். தெருவில் ஓடிய தண்ணீரைப் பார்த்தார், படியில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். டீச்சர் போனை அவர் கையில் கொடுத்தார். "மச்சான், தெரியுதா? இன்னும் பாலம் முடியல மச்சான்!" என்று அதற்குள்ளிருந்து பொன்ராஜ் கத்திக்கொண்டிருந்தான். பழனிக்குமார் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றது. சாதுவான மனுஷன் அன்றைக்குச் சின்னப் பிள்ளையாகிப் போனார்.

"புவனா, இதையா நாம பாக்கப் போறோம்?" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பத்து மணிக்கு அந்த நெய்க்காரப்பட்டிக்காரரு வந்துருவாரே."

"வரட்டும். காப்பி குடிச்சிட்டுப் போகட்டும்."

டீச்சர் எழுந்தார். சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பழனிக்குமார் கையிலிருந்த போனை வாங்கி, "பொன்ராசு, வை. மறுபடி கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, பட்டறைக்குப் போட்டார். அந்தப் பக்கம் வெல்டிங் சத்தம் நிற்கிற வரைக்கும் காத்திருந்தார்.

"சூசை, அந்தத் தொட்டியைத் தூக்கி வெளிய வச்சிருங்க. சாருக்குக் கட்டிலைப் போடுங்க."

"சரிங்க டீச்சர்" என்றார் சூசைராஜ். பிறகு அவரும் திண்டுக்கல்காரர்தானே, கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்ப தண்ணிக்கு என்ன பண்ணுவீங்க?"

"அங்க இருக்கு சூசை" என்றார் கங்கா டீச்சர். "நான் பாத்துட்டேன்."